கசிவு ஒழிப்பு மாதம்

எங்கள் மேட்டு வயலுக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் டீசல் எஞ்சின், செத்துப்போன ஒரு டிராக்டரிலிருந்து கழற்றியது. டிராக்டர் சோவியத் காலத்திலேயே மண்டையைப் போட்டுவிட்டது. எஞ்சின் மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேட்டு வயல் குடும்பங்களெல்லாம் சேர்ந்து அதற்கு என்னைக் காவல் போட்டிருந்தார்கள்.

எஞ்சினில் ஒரு சின்னக் கசிவு உண்டு. ரேடியேட்டரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் எஞ்சினோடு சேருமிடத்தில் கிளிப் தளர்ந்து, கூலண்ட் சொட்டும். கூலண்ட் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு. கோடையில் நாங்கள் ஊற்றுவது ஆற்றுத் தண்ணீர்தான். காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் தேநீர்க் கெண்டியில் கொண்டுபோய் ரேடியேட்டரை நிரப்பிவிடுவேன். மாலையில் எஞ்சினுக்கு அடியில் கைக்குட்டை அளவுக்கு ஈரம் இருக்கும். ஒரு குருவி வந்து அதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகும். புதுக் கிளிப் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு மாட்ட வேண்டும். பீன்ஸ் பூக்கிற காலத்தில் எஞ்சினை எவன் நிறுத்துவான் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் தலாஸ் பக்கம் பீன்ஸ்தான் எல்லாம். குளிர்கால நிலக்கரியும் மாவும், பிள்ளைகளின் கல்யாணமும் காலேஜும் அந்தச் செடியிலிருந்துதான் வர வேண்டும். பூக்கும்போது தண்ணீர் காட்டாவிட்டால் பூ உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் அந்த வருஷம் போயிற்று.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் மாவட்ட நீர்ச் சிக்கன வாரியம் கசிவு ஒழிப்பு மாதம் அறிவித்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். வாரியத் தலைவர் தூர்துபெக் பேசினார். நல்ல உடம்பு, நல்ல குரல். அவர் பேசினால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

"கசிவுங்கறது வெறும் தண்ணி இல்ல. அது ஒரு மனநிலை. ஒரு சொட்டைக் கண்டுக்காம விடறவன் நாளைக்கு நாட்டையே கண்டுக்காம விடுவான்" என்றார்.

வாரியத்தின் பெரிய வாய்க்காலில் ஒரு மாடு நுழைந்து திரும்புகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. தண்ணீர் ரோட்டில் ஓடி, ரோடு ஆறாகி வெகுநாள் ஆயிற்று. அது கசிவில் சேராதாம்; உடைப்பு வேறு பிரிவாம்.

"இந்த ஊர்ல யார்கிட்டயாவது கசிவு இருக்கா? பயப்படாம சொல்லுங்க" என்று கேட்டார் தலைவர்.

மண்டபமே வாயை மூடிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் புத்தி இருந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நம்ம எஞ்சின்ல கொஞ்சம் சொட்டுதுங்க. கிளிப் மாத்தினாச் சரியாயிரும்."

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மாதம் பாதி முடிந்தும் மாவட்டத்தில் ஒரு கசிவுகூடக் கிடைக்காமல் வாரியம் தவித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என் மனைவி அசில்கான் மட்டும் தட்டவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், "உங்க வாய்க்கு ஒரு கிளிப் வாங்கிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாளே வாரியத்தின் கசிவு ஆய்வாளர் பெய்ஷெனாலி வந்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். அதனால் பைகே, பைகே என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாகத்தான் பேசினார். பேசிக்கொண்டே எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியில் கம்பியைச் சுற்றி, ஈயக்கட்டியை வைத்து, குறடால் நசுக்கி முத்திரை போட்டார்.

"என்ன தம்பி பண்ற?"

"கசிவுள்ள எந்திரம் ஓடக்கூடாது பைகே. குழு வந்து பாக்கட்டும்."

"கிளிப் இதோ பையில இருக்கு. அஞ்சே நிமிஷம்."

"நீங்க தொட்டா அது தலையீடு ஆயிரும். குழு எதைப் பாக்கும்? கசிவு இருந்த இடத்துல கசிவு இருக்கணும் இல்லையா?"

"பூத்துருக்கு தம்பி. தண்ணி இல்லன்னா உதிர்ந்துரும்."

அவர் வயலைப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "அழகாத்தான் பூத்துருக்கு" என்றார். பிறகு, முத்திரையை உடைத்தால் ஊர் முழுவதற்குமே ஆற்றுத் தண்ணீர் முறை ரத்தாகிவிடும், கீழ் வயல்காரர்களுக்கும் சேர்த்து என்று சொல்லிவிட்டு, அசில்கான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

குழு வந்தது. தலைவர் தூர்துபெக், தலைமைப் பொறியாளர் குல்பாரா அம்மாள், பெய்ஷெனாலி, வண்டி ஓட்டிவந்த ஷமிர்பெக். ஷமிர்பெக்குக்கு எழுபது தாண்டியிருக்கும். நெஞ்சு வரை வெள்ளைத் தாடி.

வீடு தேடி வந்தவர்களை எஞ்சினிடம் கூட்டிப்போய் நிறுத்துகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஆட்டை அறுத்தோம். தேநீர், ரொட்டி, வெண்ணெய் என்று பொழுது போனது. கறி வேக மதியம் தாண்டியது. நான் இரண்டு முறை எஞ்சின் பேச்சை எடுத்தேன். "அவசரம் கசிவோட தங்கச்சி, ஜுமாதில்" என்று என் தோளைத் தட்டினார் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கறியைப் பங்கு வைத்தது நான். எந்த எலும்பு யாருக்கு என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டின் தலை, வந்தவர்களில் வயதில் மூத்தவருக்கு. அடுத்தவருக்கு இடுப்பெலும்பு. அதற்கடுத்து மஜ்ஜையெலும்பு. நான் பழக்கதோஷத்தில் தலையைக் கொண்டுபோய் வெள்ளைத் தாடி ஷமிர்பெக் முன்னால் வைத்தேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது. "வேணாம் தம்பி, எடுத்துரு" என்று முணுமுணுத்தார். வைத்த தலையை எடுப்பதாவது. நான் குல்பாரா அம்மாளுக்கு இடுப்பெலும்பையும், அவரைவிட ஒரு வயது இளையவரான தலைவருக்கு மஜ்ஜையெலும்பையும் கொடுத்து முடித்தேன்.

தலைவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்கு எலும்பு முக்கியமில்ல. எலும்பே இல்லாம நான் வாழ்ந்துருவேன். வீட்டுல நான் கஞ்சி குடிக்கற ஆளு. ஆனா இங்க நான் நானா வரல. வாரியமா வந்துருக்கேன். வாரியத்துக்கு வயசு இல்ல. வயசு இல்லாததைவிட மூத்தது எது? யோசிச்சுப் பாருங்க" என்றார்.

நாங்கள் யோசித்தோம். ஷமிர்பெக் தலையைத் தொடவே இல்லை. ஆட்டின் கண்கள் தலைவரைப் பார்த்தபடி ஆறிக்கொண்டிருந்தன.

வெயில் சாய்ந்தபிறகு எஞ்சினைப் பார்க்கப் போனார்கள். அடியில் மண் காய்ந்து கிடந்தது.

"கசிவே தெரியலையே" என்றார் தலைவர்.

"ஓட்டினாத்தாங்க தெரியும்."

"முத்திரை போட்டிருக்கே."

"எடுத்துருங்களேன்."

"கசிவை உறுதி பண்ணாம முத்திரையை எப்படி எடுக்கறது?"

"சரிங்க, கசிவு இல்லன்னே வெச்சுக்கங்க."

"இல்லாத கசிவுக்கு எதுக்கு முத்திரை வெச்சீங்கன்னு மேல கேப்பாங்க. பெய்ஷெனாலிக்குப் பிள்ளகுட்டி இருக்கு, ஜுமாதில்."

அவர்கள் கிளம்பிப் போனார்கள். மேட்டு வயலில் செடிகளின் அடியிலைகள் வாடித் தொங்க ஆரம்பித்திருந்தன.

நான் வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஒவ்வொரு முறையும் தலைவர் கூட்டத்தில் இருந்தார். கடைசியில் குல்பாரா அம்மாள் தாழ்வாரத்தில் அகப்பட்டார். நல்ல மனுஷி, ஆனால் அவர் எந்த எந்திரத்தையும் கையால் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

"எஜே, எஞ்சின் விஷயம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அக்கா முறை வைத்துக் கூப்பிட்டால் கொஞ்சம் இளகுவார் என்று நினைப்பு.

"எஞ்சினா? நாங்க இன்னும் எஞ்சினுக்கே வரலப்பா. தலை விஷயமே இப்பத்தான் முடிஞ்சுது. தீர்மானம் போட்டாச்சு."

"என்ன தீர்மானம்?"

"பணி நேரத்துல ஓட்டுநருக்கு வயசு முப்பத்தஞ்சுன்னு வெச்சுக்கணும். வண்டியை அணைச்சப்பறம் அவருக்கு எத்தனை வயசோ அத்தனை வயசு."

"அவர் தாடி?"

"அதுக்கும் சேத்துத்தான்."

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. பூவெல்லாம் உதிர்கிறபோது இவர்கள் ஒரு கிழவரின் வயதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டிக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து வயது ஷமிர்பெக் மூச்சு வாங்க டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

ஊரில் தலைகாட்ட முடியவில்லை. பக்கத்து வயல் சாரில்பெக் என்னை எங்கே பார்த்தாலும் நின்று கும்பிடு போடுவான்.

"உண்மையே பேசறவர் போறார், வழிவிடுங்கப்பா. இன்னும் ஏதாவது உண்மை மிச்சம் இருக்கா, ஜுமாதில்? என் கூரையும் ஒழுகுது, அதையும் சொல்லிரு. வீட்டுக்கு முத்திரை வெச்சுட்டாங்கன்னா நாங்க எல்லாம் உன் வீட்டுலயே வந்து படுத்துக்கறோம்."

மேட்டு வயல் பெண்கள் விடியும் முன்பே கழுதைகளில் ஆற்றுத் தண்ணீர் சுமந்து, ஆளுக்குக் கொஞ்சம் வரிசைகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அசில்கான் எங்கள் வயலின் கடைக்கோடியில் நாலு வரிசைக்கு வாளி வாளியாக ஊற்றினாள். மற்றதெல்லாம் மஞ்சள். வாளி தூக்கித் தூக்கி அவள் விரல்கள் மடங்காமல் போய்விட்டன. இரவில் நான் வெண்ணெய் தடவிவிடுவேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

குழு இரண்டாம் முறை வந்தது. இன்னொரு ஆடு. இந்த முறை நான் உஷாராக, தலையைத் தலைவர் முன்னால் வைத்தேன். கை கழுவும் நேரத்தில்தான் வினை வந்தது. எங்கள் வழக்கப்படி, சபையில் இளையவர்தான் எல்லோர் கைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஷமிர்பெக் எழுந்து கூஜாவை எடுத்துக்கொண்டார்.

"உக்காருங்க பெரியவரே" என்றேன் பதறிப்போய்.

"நான் எங்க பெரியவர்? முப்பத்தஞ்சு வயசுதான் ஆகுது. பைகேமார் எல்லாம் உக்காந்திருக்கும்போது நான் உக்காந்தா மரியாதையா இருக்குமா?" என்றார் அவர். தலைவரிடம் போய், முதுகு பிடித்துக்கொள்ளக் குனிந்து, "கையை நீட்டுங்க பைகே" என்றார்.

தலைவர் கையை நீட்டினார். வேறென்ன செய்வார், தீர்மானம் அவருடையது. வெள்ளைத் தாடிக்காரர் கூஜாவும் துண்டுமாக ஒவ்வொருவர் முன்பும் மண்டியிட்டு எழுந்ததைப் பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டில் யாராலும் சாப்பிட முடியவில்லை. குழு சாப்பிட்டது.

பிறகு எஞ்சினிடம் போனோம். குல்பாரா அம்மாள் யோசனை சொன்னார். எஞ்சினை ஓட்டாமலே கசிவைச் செய்து காட்டலாம். காலையில் நீ ஊற்றுகிற அதே கெண்டியால், அந்த ஹோஸ் மேலே, சொட்டுகிற வேகத்திலேயே ஊற்று, நாங்கள் பார்க்கிறோம் என்றார்.

நான் ஊற்றினேன். கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. பெய்ஷெனாலி படம் எடுத்தார். குழு தள்ளிப்போய்க் கூடிக் கூடிப் பேசியது. நான் சட்டைப்பையில் கிளிப்பைத் தடவிக்கொண்டு நின்றேன்.

தலைவர் திரும்பி வந்தார். "ஜுமாதில், நாங்க எதையும் மறைக்கற ஆளுங்க இல்ல. கண்ணால பாத்ததைத்தான் சொல்லுவோம். எஞ்சின்லேருந்து ஒரு சொட்டு விழல. விழுந்ததெல்லாம் கெண்டிலேருந்துதான்."

"நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க?"

"சொன்னோம். மறுக்கல. வாரியம் சொன்னாலும் கசிவு கசிவுதானே?"

பெய்ஷெனாலி கெண்டியின் மூக்கில் கம்பியைச் சுற்றி, மூடியோடு சேர்த்துக் கட்டி, ஈயத்தை நசுக்கினார். எஞ்சின் முத்திரை அப்படியே இருந்தது. கெண்டி விவகாரம் தீரும்வரை எஞ்சினும் ஒரு சாட்சியாம்.

அசில்கான் முத்திரை வைத்த கெண்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "நல்லவேளை, மடி சொட்டற பசு மாட்டை மேய அவுத்து விட்டிருந்தேன்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டியில்தான் தேநீர்.

ஒழிப்பு மாதம் முடியப் போகிற தறுவாயில் வாரியத்துக்குத் திடீரென்று வேகம் வந்தது. ஒழித்த கசிவு ஒன்றாவது காட்ட வேண்டுமே. மூன்றாம் முறை குழு வந்தபோது கூடவே படக்காரரும் சிவப்பு ரிப்பனும் வந்தன. மேட்டு வயல்காரர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று உத்தரவு. வந்தோம். நான் ஆடு அறுக்கவில்லை. சட்டித் தேநீரோடு சரி.

தலைவர் ரிப்பனை வெட்டினார். பெய்ஷெனாலி முத்திரையை அறுத்தார். நான் பையிலிருந்து கிளிப்பை எடுத்து மாட்டி, திருப்புளியால் முறுக்கினேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. படத்துக்காகத் திருப்புளியைத் தலைவர் வாங்கிப் பிடித்துக்கொண்டார், தலைகீழாக. கைப்பிடியைச் சுற்றினேன். எஞ்சின் இருமியது, கறுப்பாகப் புகைந்தது, பிடித்துக்கொண்டது. குழாய் அதிர்ந்து, மேட்டு வாய்க்காலில் தண்ணீர் கொட்டியது. ஹோஸில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"பாத்துக்கங்க. ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு யாராவது காட்டுங்க பாப்போம்" என்றார் தலைவர். கைதட்டினார்கள், குழுக்காரர்கள்.

யாரும் சொல்லாமலே அசில்கான் மண்வெட்டியோடு வாய்க்கால் மேல் ஓடினாள். மற்றப் பெண்களும் ஓடினார்கள். ஒவ்வொருத்தியும் தன் தன் வயலில் பச்சை மிச்சமிருந்த வரிசைப் பக்கம் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். அது போய்ச் சேர வேண்டுமானால் காய்ந்த வரிசைகளையெல்லாம் கடந்துதான் போக வேண்டும்.

தலைவர் அப்போதுதான் வயலை முதல்முறையாகப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது என்ன, எல்லாம் காஞ்சு கிடக்கு?"

"தண்ணி இல்லாமத்தான்" என்றேன்.

"அப்ப இப்ப எதுக்குத் தண்ணி?"

"கடைக்கோடில பச்சை இருக்கு, பாருங்க. இன்னும் பூ நிக்குது. இன்னிக்கு நனைஞ்சா காய் பிடிக்கும்."

அவர் குல்பாரா அம்மாளைப் பார்த்தார். அம்மாள் வருத்தமாக, "பாதிக்கு மேல காஞ்சிருந்தா அது வயல் கணக்குல வராதுங்க" என்றார்.

தலைவர் என் தோளில் கை போட்டார். "தப்பா எடுத்துக்காதே ஜுமாதில். எஞ்சின் பிரமாதம். ஆனா பயிரில்லாத மண்ணுக்குப் போற தண்ணி அத்தனையும் கசிவு. ஒரு சொட்டை ஒழிச்சுட்டு ஒரு ஆத்தையே கசிய விட்டாங்கன்னு நாளைக்கு வாரியத்தைப் பாத்துச் சிரிக்க மாட்டாங்களா? துவா முடிஞ்சதும் எஞ்சினை நிறுத்தி முத்திரை வெச்சுரலாம்."

பெய்ஷெனாலி கம்பியைக் கால்சட்டைப் பையில் தயாராக வைத்துக்கொண்டார். அந்தத் திருப்புளியை அவர் கையிலிருந்து பிடுங்கி என்ன செய்திருப்பேனோ தெரியாது; அதற்குள் அவர் அதைப் படக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி நிமிர்ந்து நின்றார்.

புறப்படுகிறவர் கையேந்தி வாழ்த்தி துவா செய்யாமல் எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமும் முடிவதில்லை. அவர் ஏந்தியதும் குழுவே ஏந்தியது. நாங்களும் ஏந்தினோம்.

"இந்த ஊர் செழிக்கட்டும். உங்க பிள்ளைங்க நல்லா இருக்கட்டும். உங்க நிலம் விளையட்டும்" என்று முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

துவாவை வாங்கிக்கொள்கிறவர்கள் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவினால்தான் கொடுத்தவர் கையை இறக்கலாம். அவரே சொல்லிக்கொண்டு இறக்கினால், அதில் உள்ள நன்மையெல்லாம் தலைகீழாகி அவர் மேலேயே விழும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் ஆமீன் சொல்ல வாய் திறந்தேன். பழக்கம்தான்.

"என்னங்க" என்றாள் வாய்க்கால் மேலிருந்து அசில்கான். "முந்தாதீங்க. தண்ணி இன்னும் கடைக்கோடிக்குப் போகல."

நான் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் சாரில்பெக்கும் மூடிக்கொண்டான். ஒருவர் பின் ஒருவராக மேட்டு வயல்காரர்கள் எல்லோரும் கையை ஏந்தியபடி, மிகுந்த பக்தியோடு, தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தலைவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "உங்க ஆடு மாடெல்லாம் பெருகட்டும்" என்று சேர்த்தார். யாரும் ஆமீன் சொல்லவில்லை. "உங்க ரோடெல்லாம் நேராகட்டும்" என்றார். பெய்ஷெனாலியின் பையில் கம்பி துருத்திக்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே விரிந்திருந்தன. குல்பாரா அம்மாளின் கையும் அப்படியே. ஷமிர்பெக் கண்ணை மூடிக்கொண்டு, தாடி அசைய, "இன்னும் சொல்லுங்க பைகே, கேக்க நல்லா இருக்கு" என்றார்.

தலைவர் குதிரைகளைச் சொன்னார், பிறக்கப் போகிற பேரப் பிள்ளைகளைச் சொன்னார், வாரியத்தைச் சொன்னார். அந்த நல்ல குரல் கம்மிப்போயிற்று. எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அசில்கான் நனைந்து முடிந்த முதல் பச்சை வரிசையை அடைத்து, இரண்டாவதைத் திறந்தாள்.